ஆட்டத்துக்கு ஒரு மாப்பு

உலகத்திலேயே நன்றாகச் சதுரங்கம் ஆடும் மென்பொருளை வாங்குவது சுலபம். கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்கினாலும் அது நம்மை அடித்து நொறுக்கிவிடும். சுமாராக ஆடுகிறவர்களுக்கு ஒன்று வாங்குவதுதான் பெரும்பாடு. அது அவர்களைத் தோற்கடிக்கவும் வேண்டும், அவ்வப்போது ஜெயிக்க விடவும் வேண்டும், விட்டுக்கொடுத்தது தெரியவும் கூடாது. புது மாப்பிள்ளையோடு ஆடுகிற மாமனாருக்கு இந்தக் கலை தானாக வரும். மென்பொருளுக்கு வராது.

நெய்தல்முனைத் துறைமுகத்தின் ஊழியர் மன்றத்தில் இந்தப் பொறுப்பு சங்கரபாண்டியன் தலையில் விழுந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலைத் தூர்த்துக் கட்டிய தனியார் துறைமுகம் அது. சங்கரபாண்டியன் அங்கே சரக்குப் பெட்டகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார், மன்றத்துக்குச் செயலாளர். மன்றத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கிரேன் ஓட்டுகிறவர்கள். ஷிப்ட் மாறி மாறி வரும். ஒருவன் ஓய்வாக இருக்கும்போது அவனோடு ஆட வேண்டியவன் பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருப்பான். ஆள் கிடைக்காத நேரத்துக்கு ஒரு மென்பொருள் இருந்தால் தேவலை என்று தீர்மானம் போட்டார்கள். போட்ட கையோடு, "நீரே பாத்து வாங்கிரும் வே" என்று சங்கரபாண்டியனிடம் தள்ளிவிட்டார்கள்.

சங்கரபாண்டியன் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பை முகர்ந்து பார்ப்பார். மூன்று மென்பொருட்களை வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் வைத்து எல்லோரையும் ஆடவிட்டார்.

முதலாவது 'அஸ்திரம்'. எல்லோரும் வரிசையாகத் தோற்றார்கள். எப்படித் தோற்றோம் என்றுகூட யாருக்கும் விளங்கவில்லை. தாவூது என்ற இளவட்டம் எழுந்து வந்து, "அண்ணாச்சி, இது கூட ஆடுறதும் சுனாமி கூட மல்லுக்கட்டுறதும் ஒண்ணு" என்றான்.

இரண்டாவது 'குஷி'. அதில் பலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தால் முப்பது நகர்த்தல் வரை மகா மேதையாக ஆடும், திடீரென்று ராணியைக் கொண்டுவந்து சிப்பாய் வாயில் கொடுக்கும். பிச்சை போடுகிறது என்று பச்சையாகத் தெரிந்தது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

மூன்றாவது 'இணை'. அது மனிதன் செய்கிற தப்பைச் செய்தது. குதிரையின் மேல் கண்ணாக இருக்கும்போது யானையை மறந்தது. ஜெயிக்கிற நேரத்தில் அவசரப்பட்டது. நாலைந்து ஆட்டத்தில் நம் கையைப் படித்துக்கொண்டு, நம் அளவுக்கே ஏறியும் இறங்கியும் ஆடியது. ஜெரோம் மச்சாது ஓர் ஆட்டம் தோற்று, ஓர் ஆட்டம் ஜெயித்து, நிமிர்ந்து பார்த்து, "இது நம்ம ஆளு வே" என்றார்.

மச்சாது சொன்னால் மன்றத்தில் மறுபேச்சு கிடையாது. துறைமுகத்தின் முதல் கிரேனிலிருந்து ஓட்டிவருகிற ஆள். கிரேன் கூண்டின் தரை கண்ணாடி. காலுக்கிடையே குனிந்து பார்த்து, நாற்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியின் நாலு மூலைக் கொக்கியில் கச்சிதமாக இறக்க வேண்டும். மச்சாது இறக்கினால் லாரிக்காரருக்குச் சத்தமே கேட்காது. ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் பெட்டி வந்துவிட்டது என்று தெரியும். அந்த நாற்காலியைத் தவிர வேறு எதையும் அவர் தன் சொத்தாக நினைத்ததில்லை.

"இதுல மாப்பு உண்டா?" என்று அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

இந்த மாப்பைச் சொல்லாமல் கதை நகராது. பல வருஷத்துக்கு முன் அந்த மன்றத்தில் இரண்டு பேர், தொட்ட காயை நகர்த்தித்தான் ஆக வேண்டுமா என்று சண்டை பிடித்தார்கள். ஒருவர் பலகையையே தூக்கிக் கடலில் வீசிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: ஆட்டத்துக்கு ஒரு மாப்பு. நகர்த்திய காயை ஒரே ஒரு தடவை 'மாப்பு' என்று சொல்லித் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாம் என்பது நாளடைவில் எடுத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. தப்பே செய்யாதவரும் ஏதாவது ஒரு காயை நகர்த்தி, 'மாப்பு' என்று திருப்பி எடுத்து, மறுபடி அதே கட்டத்தில் வைப்பார். எல்லோரும் எடுத்தால்தானே நிஜமாகவே தப்பு செய்தவன் கூசாமல் எடுக்க முடியும். மாப்பு எடுக்காமல் ஜெயித்தவனோடு அன்றைக்கு யாரும் டீக்குப் போக மாட்டார்கள். தலைக்கனம் என்று அர்த்தம்.

இணையில் காயைத் திருப்பி எடுக்க ஒரு பொத்தான் இருந்தது. அதோடு தீர்ந்தது.

அது இலவசம் என்பது மட்டும் சங்கரபாண்டியனை உறுத்தியது. கம்பெனிக்குப் போன் போட்டார்.

"ஏன் சும்மா தாரீங்க?"

எதிர்முனையில் ஓர் இளைஞன் மரியாதையாகப் பேசினான். "மாஸ்டர்கள் எப்படி யோசிக்கிறாங்கன்னு மலையளவு தகவல் இருக்கு சார். சாதாரணமா ஆடுறவங்க எப்படி யோசிக்கிறாங்க, எங்க தடுமாறுறாங்க, அதுதான் யார்கிட்டயும் இல்ல. உலகத்தை ஓட்டுறது அவங்கதானே சார். நீங்க ஆடுங்க, அது கத்துக்கும். அதுதான் விலை."

உலகத்தை ஓட்டுகிறவர்கள் என்றதும் சங்கரபாண்டியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லோரையும் 'சம்மதம்' அமுக்கச் சொன்னார். எல்லோரும் அமுக்கினார்கள். அதில் எத்தனை பக்கம் எழுதியிருந்தது என்று கேட்காதீர்கள்; நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

இணை வந்த பிறகு மன்றம் களைகட்டியது. ஒரு மழைக்காலம் முழுவதும் ஆடினார்கள். எல்லோரிலும் அதிகமாக ஆடியவர் மச்சாது. ஷிப்ட் முடிந்து இறங்கி, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டிலிருந்து மனைவி ரெஜீனா போன் போடும் வரை எழுந்திருக்க மாட்டார்.

இயந்திரத்தோடு ஆடும்போது மற்றவர்கள் மாப்பு எடுக்கவில்லை. நிஜமாகத் தப்பு செய்தால் எடுப்பார்கள், அவ்வளவுதான். மச்சாது மட்டும் ஆட்டம் தவறாமல் ஒன்று எடுத்தார். நகர்த்துவார், பொத்தானை அமுக்கித் திருப்பி எடுப்பார், அதே கட்டத்தில் வைப்பார்.

தாவூது சிரித்தான். "அண்ணே, அதுக்கு ரோஷமா மானமா? அதுகிட்டப் போயி மாப்பு எடுக்கீயளே."

"எதிர்ல உக்காந்துட்டாம்லா. பெறவு ஆளு என்ன, மிஷின் என்ன. நம்ம பழக்கம் நம்மகிட்ட இருக்கட்டும்" என்றார் மச்சாது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் பாதுகாப்புப் பிரிவிலிருந்து மச்சாதுக்கு அழைப்பு வந்தது. ஒரு துணைக்குச் சங்கரபாண்டியனும் போனார். பாதுகாப்பு அதிகாரி பியூலா ஞானதாஸ் நாசரேத்துக்காரி, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கெட்டவள் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், தலைக்கு மேலே சரக்கு விழுந்து ஓர் ஆள் செத்ததை நேரில் பார்த்தவள். அதன் பிறகு அவளுக்கு எதுவும் சின்ன விஷயமாகப் படவில்லை.

"உக்காருங்க சார். உங்க பேர்ல ஒரு எச்சரிக்கை வந்திருக்கு. கை முந்துதுன்னு" என்றாள்.

"எங்கம்மா முந்துது?" என்றார் மச்சாது.

"இணைல. நீங்க சம்மதம் அமுக்கினதால உங்க ஆட்டத்தையெல்லாம் பாத்து அந்தக் கம்பெனி எங்களுக்கு அறிக்கை அனுப்புது. ஒரு காயை நகர்த்திட்டு உடனே திருப்பி எடுக்கிறீங்க. ஒரு ஆட்டம் விடாம. மத்தவங்க யாரும் இப்படி எடுக்கலை."

"அது மாப்பும்மா."

மாப்பு என்றால் என்ன என்று சங்கரபாண்டியன் விளக்கினார். பலகை கடலுக்குள் போனதிலிருந்து தொடங்கினார். பியூலா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எனக்குப் புரியுது சார். அதுக்குப் புரியலை. மனசு முடிவு பண்றதுக்கு முன்னாடியே கை போயிடுதுன்னு அது அர்த்தம் பண்ணிக்குது. செஸ்ல திருப்பி எடுத்துடலாம். கிரேன்ல எடுக்க முடியாது. கீழ ஆள் நிப்பாங்க."

"தப்பா வச்சு எடுத்தா வேற எடத்துலலா வைப்பேன். நான் அதே எடத்துலதானம்மா திருப்பி வைக்கேன். அத வச்சே தெரியலயா?"

பியூலா கணினியைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் வாடியது. "அதையும் குறிச்சிருக்கு. ரெண்டாவது தடவை யோசிச்சும் வேற வழி தெரியலைன்னு போட்டிருக்கு."

மச்சாது சிரித்துவிட்டார். சங்கரபாண்டியனுக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. "இத்தன வருஷத்துல ஒரு பெட்டி ஒரசினது உண்டுமா? கேளுங்க. எங்க பிரிவுல கணக்கு இருக்கு."

"இல்ல சார். நானே கம்பெனிக்கு எழுதி அனுப்பியிருக்கேன். இது நடந்ததைப் பத்தின கணக்கு இல்ல, நடக்கப் போறதைப் பத்தினதுன்னு பதில் வந்துச்சு." அவளே ஒரு வழியும் சொன்னாள். "ஒண்ணு பண்ணலாம். ஒரு வாரம் மாப்பு எடுக்காம ஆடுங்க. அதை வச்சு நான் பேசிப் பாக்கிறேன்."

அந்த ஒரு வாரம் மச்சாது கையைக் கட்டிக்கொண்டு ஆடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பொத்தானை நோக்கி விரல் போகும், நிறுத்திக்கொள்வார். ஒருவரை வணங்கக் கை தூக்கிவிட்டுப் பாதியில் இறக்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஜெயித்தார். எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார். மன்றத்தில் தாவூது எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தான்.

பியூலா அல்வா சாப்பிடுகிற நிலையில் இல்லை. "கணக்குல சேராதாம் சார்" என்றாள்.

"ஏன் சேராது?" என்றார் சங்கரபாண்டியன்.

"இவர் கை தளர்ந்துடுச்சுன்னு அது ஏற்கனவே முடிவு பண்ணிடுச்சு. அதனால தானும் இறங்கி வந்து ஆடியிருக்கு. இறங்கி வந்த ஆளை ஜெயிச்சது ஜெயிப்பு இல்லையாம்."

"அப்ப தோத்திருந்தா?"

"தோத்திருந்தா, தோத்ததுதான்."

நம் அளவுக்கு இறங்கி வரும் என்றுதானே சங்கரபாண்டியன் அதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு 'அஸ்திரம்' ஞாபகம் வந்தது. "மேடம், இறங்கியே வராத ஒண்ணு இருக்கு. அது கூட ஆடட்டும். அத வச்சு அளந்து பாருங்க."

"அதுகிட்ட நாம எல்லாரும் ஒண்ணுதான் சார். இவரும் தோப்பார், நானும் தோப்பேன், பட்டம் வாங்கினவரும் தோப்பார். யாரையும் யாரையும் பிரிச்சுச் சொல்லாது."

சுனாமி என்று ஒதுக்கிய அந்த மென்பொருளின் பெருமை சங்கரபாண்டியனுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன பிரயோசனம்.

மச்சாதை வாசல் சோதனைச்சாவடிக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை, அதைச் சொல்லித்தான் எல்லோரும் ஆறுதல் கூறினார்கள். லாரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். ரெஜீனாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். "ராத்திரியெல்லாம் கழுத்தப் புடிச்சிக்கிட்டு மொனங்குவாவ. இப்ப நல்லா ஒறங்குதாவ" என்று சங்கரபாண்டியனிடம் சொன்னாள். மச்சாது உறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், அவளுக்காக.

அவர் யாரையும் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை டீக்கடையில் வைத்து, "சங்கரா, கண்ணாடிக்குக் கீழ கப்பலப் பாத்துட்டே இருந்துட்டு இப்ப லாரி டயரப் பாக்கேன் வே" என்றார். சங்கரபாண்டியன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. கடையில் வைத்து அழ முடியாதே என்று வெளியே வந்துவிட்டார்.

ஆவணி மாதத்தில் புதுக் கிரேன்கள் கடல் வழியாக வந்து இறங்கின. தானாக ஓடும் கிரேன். மேலே கூண்டு கிடையாது. தொடக்க விழாவுக்குப் பந்தல் போட்டு, தேங்காய் உடைத்து, மனிதர் ஓட்டாத கிரேனுக்கும் வழக்கப்படி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தயாரித்த கம்பெனியின் ஆள் மைக்கில் பேசினான். இந்தக் கிரேன் வெறும் கணக்குப் போட்டு ஓடுவதில்லை, மனிதனின் கைப்பக்குவத்தை மனிதர்களிடமிருந்தே கற்றுக்கொண்டது என்றான். கூட்டத்தில் நின்ற சங்கரபாண்டியனுக்கு அந்தக் குரலை முன்பு போனில் கேட்டது போல இருந்தது.

கிரேன் கப்பலை இறக்கத் தொடங்கியது. நன்றாகவே இறக்கியது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாதிக் கப்பல் ஆனபோது ஒரு பெட்டியை லாரியில் இறக்கியது. லாரியின் கொக்கி மாட்டியது. உடனே கொக்கியை விடுவித்துப் பெட்டியை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கியது. ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு அதே லாரியில், அதே இடத்தில், சத்தமில்லாமல் வைத்தது.

நிகழ்ச்சியில் அதுவும் ஒரு அம்சம் என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள். கிரேன் ஓட்டுகிறவர்கள் நின்ற பின்வரிசையில் ஒருவரும் தட்டவில்லை. தாவூது சங்கரபாண்டியனின் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, மாப்பு எடுக்கு."

அடுத்த கப்பலிலும் எடுத்தது. கப்பலுக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. பொறியாளர்கள் வந்து வாரக்கணக்கில் குடைந்தார்கள். மோட்டாரில் பழுதில்லை, கேமராவில் பழுதில்லை, கட்டளையில் அப்படி ஒரு வரியே இல்லை. நீக்க முடியாத குறையைப் பெருமையாகச் சொல்லிவிடுவதுதான் வியாபாரம். கம்பெனி அதற்கு 'மறுபார்வை' என்று பெயர் வைத்தது. ஐயம் வந்தால் ஒரு முறை தூக்கிச் சரிபார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு வசதி என்று விளம்பரம் வந்தது. வேறு இரண்டு துறைமுகங்கள் அந்த வசதிக்காகவே அந்தக் கிரேனை வாங்கின.

சங்கரபாண்டியன் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு நேரே பியூலாவின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மனுசன் செஞ்சா கை முந்துது. மிஷின் செஞ்சா மறுபார்வை. இது எந்த ஊரு நியாயம் மேடம்?"

பியூலா விளம்பரத்தை வாங்கிப் பார்க்கவில்லை. அவள் மேஜையிலும் ஒன்று கிடந்தது. "நானும் கேட்டேன் சார். யாரோட ஆட்டத்தை வச்சு அதுக்குக் கை பழக்கினீங்கன்னு. நிறைய ஆடினவர், பதட்டப்படாதவர், அடிபட்டாலும் நிதானம் தப்பாதவர்னு சொன்னாங்க. பேர் சொல்லலை, உறுப்பினர் எண் சொன்னாங்க. அந்த எண்ணை எனக்குத் தெரியும்."

"நிதானம் தப்பாதவரா?"

"அது ஒரு பிரிவு சார். கை முந்துதுன்னு சொன்னது இன்னொரு பிரிவு. ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் பாத்திருக்காங்க. ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கலை."

சங்கரபாண்டியனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்பாவி மனிதர். "அப்ப தப்பு நடந்துட்டுன்னு ஆச்சுல்லா. அவருக்கு அவரு சீட்டத் திருப்பிக் குடுங்க."

"எந்த சீட்டை சார்?" என்றாள் பியூலா. "பழைய கிரேன் எல்லாத்தையும் அடுத்த வருஷம் பிரிக்கிறாங்க. புதுசுல சீட்டே கிடையாதே."

இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். புதுக் கிரேன் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்" என்றாள் பியூலா. அது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு சங்கரபாண்டியன் என்ன செய்வார்.

நடந்ததையெல்லாம் அவர் சோதனைச்சாவடிக்குப் போய் மச்சாதிடம் சொன்னார். மச்சாது ஒரு லாரிக்குக் கட்டையைத் தூக்கிவிட்டுக் கேட்டார். அது போன பிறகு இறக்கினார். கிரேன் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் வைக்கி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எல்லோரும் கூடினார்கள். இணையைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டு மரப்பலகையை விரித்திருந்தார் சங்கரபாண்டியன். மச்சாதும் வந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆட்டம் நடுவில் மச்சாது குதிரையை நகர்த்தினார். குதிரை விலகியதும் பின்னால் ராணி தன்னந்தனியாக நின்றது. சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், தப்பு. சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் இன்னும் மாப்பு எடுத்திருக்கவில்லை.

"எடும் வே" என்றார் சங்கரபாண்டியன்.

மச்சாதின் கை பலகைக்கு மேலே வந்தது. குதிரையைத் தொடவில்லை. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார், கூரையின் மூலையைப் பார்த்தார், கணினி இருந்த மேஜையைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம். வச்சது வச்சதுதான்" என்றார்.

"எண்ணே, இங்க யாரும் பாக்கலண்ணே" என்றான் தாவூது.

"தெரியும்ல. இருந்தாலும் வேண்டாம்."

சங்கரபாண்டியன் ராணியை வெட்டினார். வெட்டாமல் விட்டால் பிச்சை போட்டது போல ஆகிவிடும். அவருடைய மாப்பையும் அவர் எடுக்கவில்லை, எப்படி எடுப்பார். ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. அடுத்து ஆடியவர்களும் எடுக்கவில்லை. யாரும் சட்டத்தை மாற்றித் தீர்மானம் போடவில்லை, அப்படியே நின்றுபோனது. அன்றைக்கு டீக்கு அவரவர் தனித்தனியாகப் போனார்கள்.

கரையில் ஒரு கப்பல் நின்றிருந்தது. புதுக் கிரேன் ஒரு பெட்டியை லாரியில் வைத்து, திருப்பித் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, மறுபடி அதே இடத்தில் வைத்தது. நெய்தல்முனையில் இப்போது மாப்பு எடுக்கிறது அது மட்டும்தான்.